தத்துப்பூச்சிக்கும் கொம்புப் பூச்சிக்கும் எந்தப் புத்தகம்?

உமையாள், கானாடுகாத்தான்:

வண்ணத்துப்பூச்சிக்கும் தும்பிக்கும் தமிழிலேயே கையேடு கிடைக்கிறது. பயிரில் சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சி என்று தேடினால் மட்டும் எங்கே போனாலும் வேப்பங்கொட்டைச் சாற்றில் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். எனக்கு மருந்து வேண்டாம், பெயர் வேண்டும்.

பள்ளியில் விலங்கியல் எடுக்கிறேன். சனிக்கிழமைகளில் பசுமைப் படைப் பிள்ளைகளை ஊருணிக் கரைக்கும், அதைத் தாண்டிய சீமைக்கருவேலங் காட்டுக்கும் அழைத்துப் போவேன். அங்கே குச்சியோடு குச்சியாக, கொம்பு முளைத்த ஒரு பழுப்புப் பூச்சி வரிசை கட்டி உட்கார்ந்திருக்கிறது. கூடவே கட்டெறும்பு. பிள்ளைகள் முள் என்று நினைத்துத் தொடுவார்கள். முள் எகிறிக் குதித்ததும் ஒரே கூச்சல்.

இன்னொன்று வீட்டிலேயே. ஐப்பசி மழை விட்ட இரவுகளில் முகப்பு விளக்குக்குப் பச்சைப் பச்சையாக வந்து விழும். சுண்ணாம்புச் சுவரில் உட்கார்ந்தால் நன்றாகப் படம் எடுக்கலாம். தரையில் விழுந்தால் போச்சு, ஆத்தங்குடிக் கல்லின் பூவேலைக்குள் எது பூச்சி, எது பூ என்றே தெரியாது. சிலவற்றுக்கு இறக்கையில் கறுப்புப் பொட்டு, சிலவற்றுக்குத் தலையில் கறுப்புக் கோடு. எல்லாம் ஒன்றா, வேறு வேறா?

டிஸ்டன்ட் என்பவர் எழுதிய பழைய தொகுதிகள் இருப்பதாகக் கேள்விப்பட்டு ஒரு புத்தக வியாபாரியிடம் விசாரித்தேன். மறுபதிப்பு இருக்கிறதாம். விலையைச் சொன்னார், போனை வைத்துவிட்டேன். அந்த விலைக்கு அது தேறுமா? நம் நாட்டில் யாராவது எழுதிய புத்தகம் உண்டா? கைவசம் இருப்பது போனில் மாட்டும் மேக்ரோ லென்ஸ், பள்ளியில் ஒரு பழைய நுண்ணோக்கி. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

புதுவயல் கண்ணன்:

அக்கா, புத்தகமெல்லாம் எதற்கு? ஐநேச்சுரலிஸ்ட்டில் படத்தை ஏற்றுங்கள், அதுவே பெயர் சொல்லும். நான் பிள்ளையார்பட்டி சாலையில் எடுத்த கொம்புப் பூச்சிக்கு உடனே 'ஆக்ஸிராக்கிஸ்' என்று வந்தது. பச்சைப் பூச்சிக்கு 'நெபோடெட்டிக்ஸ்' என்றது. அதற்கு மேல் சொல்லவில்லை, ஆனால் நமக்கு அவ்வளவு போதாதா?

சாத்தையா, தேவகோட்டை:

கண்ணன் தம்பி, உங்களுக்குப் போதும். இந்த அம்மாவுக்குப் போதாது, அதனால்தான் கேட்கிறார். செயலி சொன்ன இரண்டு பேரினமும் சரியாகவே இருக்கலாம். 'அதற்கு மேல் சொல்லவில்லை' என்றீர்களே, அது அதன் நாணயம். படத்தைப் பார்த்து அதற்கு மேல் யாரும் சொல்லக் கூடாது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

அம்மா, முதலில் அந்த மறுபதிப்பை வாங்காதீர்கள். டிஸ்டன்ட் இறந்தது 1922. காப்புரிமை எப்போதோ போய்விட்டது. அவருடைய 'ரிங்கோட்டா' (உறிஞ்சுகுழல் உள்ள பூச்சிகள்) தொகுதிகள் பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரி தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். ஏழு தொகுதியையும் இறக்க வேண்டியதில்லை. கொம்புப் பூச்சி, நுரைப்பூச்சி, தத்துப்பூச்சி மூன்றும் 1908-ல் வந்த நான்காம் தொகுதிக்குள் இருக்கின்றன. விட்டுப்போனவற்றை 1916-ல் ஆறாவதிலும் 1918-ல் ஏழாவதிலும் சேர்த்தார். சில்வண்டும் புகையான் வகையறாவும் வேண்டுமானால் 1906-ல் வந்த மூன்றாவது.

வாங்காதீர்கள் என்றேனே தவிர, படிக்காதீர்கள் என்று சொல்லவில்லை. அந்த மனிதர் தோல் பதனிடும் தொழிலில் இருந்துகொண்டே ஓய்வு நேரத்தில் பூச்சி படித்தவர். பிறகுதான் லண்டன் அருங்காட்சியகத்தில் பகுதி நேர வேலை. புத்தகத்தின் தலைப்பில் பிரிட்டிஷ் இந்தியாவோடு இலங்கையும் பர்மாவும் உண்டு. கண்டி, பேராதெனியா, தெனாசரிம் என்று நம் ஆட்கள் லேவாதேவிக்குப் போன பக்கமெல்லாம் பூச்சி பிடித்த இடமாக வரும். எனக்கு அதைப் புரட்டுவதில் ஒரு தனி ருசி.

ஆனால் அதை வைத்துத் தத்துப்பூச்சிக்குப் பெயர் வைக்க முடியாது. நிறத்தையும் புள்ளியையும் தலையின் நீள அகலத்தையும் சொல்வார், கோட்டுப் படம் போடுவார், அத்தோடு சரி. ஆண் பூச்சியின் இனப்பெருக்க உறுப்பைப் பிரித்துப் பார்க்கும் வழக்கம் அவரிடம் இல்லை. இன்றைக்குத் தத்துப்பூச்சியின் சிற்றினம் தீர்மானமாவதே அந்த உறுப்பில்தான். பெயர்களும் மாறிவிட்டன. வெண்டையிலும் பருத்தியிலும் இலையோரத்தைக் கருக்குகிற தத்துப்பூச்சிக்கு 1918-ல் அவர் வைத்த பெயர் எம்போயாஸ்கா டிவாஸ்டன்ஸ். அதற்குச் சில ஆண்டு முன்பே இஷிடா என்ற ஜப்பானியர் அதே பூச்சிக்கு வேறு பெயர் வைத்திருந்தார். முந்தினது செல்லும் என்பது விதி. அதனால் இப்போது அம்ராஸ்கா பிகுட்டுலா. உங்கள் முகப்பு விளக்குப் பச்சைப் பூச்சியை அவர் 1908-ல் செலினோசெஃபாலஸ் வைரெசென்ஸ் என்றார். பேரினம் மாறி இன்று அது நெபோடெட்டிக்ஸ் வைரெசென்ஸ். நடுவில் நெல்லின் டுங்ரோ நோய் பற்றிய 1960-களின் கட்டுரைகளைப் படித்தால் அதே பூச்சி இம்பிக்டிசெப்ஸ் என்ற பெயரில் உலவும். டிஸ்டன்ட் சொன்ன பெயர் இன்று என்னவாயிற்று என்று பார்க்க, இணையத்தில் டிமிட்ரியேவ் என்பவர் நடத்தும் உலகத் தத்துப்பூச்சித் தரவுத்தளம் இருக்கிறது. முன்பு இதற்கு மெட்காஃப் என்பவர் தொகுத்த பெயர் அட்டவணையைத் தேடி நூலகம் நூலகமாக அலைய வேண்டும்.

சரி, கொம்புப் பூச்சிக்கு வருவோம். இதற்கு நீங்கள் கொடுத்துவைத்தவர். ஒரே புத்தகம் போதும். கே. எஸ். அனந்தசுப்ரமணியன் எழுதி, இந்திய விலங்கியல் ஆய்வகம் 1996-ல் வெளியிட்ட மெம்பிராசிடே (கொம்புப் பூச்சிக் குடும்பம்) தொகுதி. அதற்கு முன்பே 1975-ல் அவரும் டி. என். அனந்தகிருஷ்ணனும் சேர்ந்து ஆய்வகத்தின் 'ரெக்கார்ட்ஸ்' இதழில் இரண்டு பகுதியாக எழுதியிருக்கிறார்கள். வகைப்பாட்டோடு வாழ்க்கைமுறையும் சூழலும் சேர்த்துப் பார்த்த வேலை அது. உங்கள் பிள்ளைகளுக்கு முதலில் அதைத்தான் காட்டுவேன். ஆய்வகம் தன் பழைய வெளியீடுகளை இணையத்தில் போட்டிருக்கிறது, தேடிப் பாருங்கள். பக்டன் என்பவர் 1903-ல் முடித்த பெரிய நூல் ஒன்றும் உண்டு. வண்ணப் படங்கள் கண்ணைப் பறிக்கும். பார்த்து ரசியுங்கள், பெயர் மட்டும் அதிலிருந்து எடுக்காதீர்கள். ஃபங்கவுசரின் 1927 அட்டவணை பெயர் வரலாறு தேடுகிறவர்களுக்கு.

படம் எடுக்கும்போது மேலிருந்து எடுக்காதீர்கள், பக்கவாட்டில் எடுங்கள். கொம்பு என்று நாம் சொல்வது முன்மார்புத் தகடு வளர்ந்து நீண்டது. தோளில் இரண்டு, முதுகோடு பின்னால் போகிற வால் ஒன்று. அந்த வாலின் அடிப்பக்கம்தான் விஷயம். வழக்கமாக இறக்கைகளுக்கு நடுவே ஒரு முக்கோணத் தகடு தெரியும். ஆக்ஸிராக்கிஸில் வால் அதன் மேலேயே படிந்து மூடிவிடும், தகடு கண்ணுக்கே தெரியாது. லெப்டோசென்ட்ரஸில் வால் மேலே எழும்பி, தள்ளி வளைந்து போகும். பக்கத்திலிருந்து பார்த்தால் உடம்புக்கும் வாலுக்கும் நடுவே வெளிச்சம் தெரியும். கண்ணனின் படத்தில் அந்த இடைவெளி இல்லையென்றால் செயலி சொன்னதை நம்பலாம். சீமைக்கருவேலத்தில் கட்டெறும்போடு வரிசையாக உட்காருவது பெரும்பாலும் ஆக்ஸிராக்கிஸ் டராண்டஸ்தான். ஆணுக்குக் கொம்பு சிறியது, உடம்பும் சிறியது. இரண்டையும் இரண்டு இனமாக எழுதிவைத்துவிடாதீர்கள். கூட இருக்கும், முதுகெல்லாம் முள்ளும் முண்டுமாக உள்ள குட்டிகளும் அதே பூச்சியின் குஞ்சுகள்.

தத்துப்பூச்சிதான் வம்பு. முதலில் அது தத்துப்பூச்சிதானா என்று பின்காலைப் பாருங்கள். லென்ஸில் நீண்ட கணு முழுக்க வரிசை வரிசையாக முட்கள் தெரிந்தால் தத்துப்பூச்சி. கணு வழவழவென்று உருண்டு, தடித்த ஒன்றிரண்டு முள்ளும் நுனியில் ஒரு முள்வளையமும் இருந்தால் நுரைப்பூச்சி. கணுவின் நுனியில் அசைகிற ஒரு தகடு போன்ற முள் தொங்கினால் அது புகையான் குடும்பம், நம் பேச்சிலேயே வராது. விளக்குக்கு மூன்றும் சேர்ந்துதான் வரும்.

அதன் பிறகு துணைக்குடும்பம். அடையாளங்களை ஒவ்வொன்றாகக் கேட்டுப் பெயருக்குக் கொண்டுபோகும் திறவுகோல் ஒன்றை டீட்ரிக் என்பவர் 2005-ல் ஃபுளோரிடா என்டமாலஜிஸ்ட் இதழில் எழுதினார், இலவசம். உலகம் முழுமைக்குமானது, அதனால் நம் பக்கம் இல்லாத குடும்பமெல்லாம் குறுக்கே வரும். நமக்கென்று பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகத்தின் சி. ஏ. விரக்தமட் அதே 2005-ல் இந்தியத் துணைக்கண்டத்துக்கு மட்டும் ஒன்று எழுதினார். இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு போங்கள். இந்த நாட்டில் தத்துப்பூச்சி என்றாலே அவர் பெயர்தான். மாந்தோப்பு இருந்தால் மாமரத் தத்துப்பூச்சிகளுக்கு அவருடைய 1989 கட்டுரை.

அதற்கும் கீழே இறங்க ஒரே புத்தகம் கிடையாது. ஒவ்வொரு பேரினத்துக்கும் யாராவது ஒருவர் எங்கோ ஒரு கட்டுரை எழுதியிருப்பார். நெபோடெட்டிக்ஸுக்கு கௌரி என்பவர், முதலில் பெயர் வைத்தபோது பயன்பட்ட மூல மாதிரிகளையே பார்த்து 1971-ல் எழுதியது. உங்கள் கேள்விக்கு அதிலேயே பதில் உண்டு. தலையின் முன்விளிம்பை ஒட்டிக் கறுப்புப் பட்டை இருந்தால் நைக்ரோபிக்டஸ், தலை சுத்தமாக இருந்தால் வைரெசென்ஸ் என்று முதல் பிரிப்பு பிரிக்கலாம். இறக்கைப் பொட்டை நம்ப வேண்டாம், பூச்சிக்குப் பூச்சி மாறும். ஆணுக்கு இறக்கை நுனி கறுப்பாக இருக்கும், பெண்ணுக்குப் பெரும்பாலும் இருக்காது. அதனால்தான் உங்கள் சுவரில் இத்தனை வேஷம். இந்தியாவில் இந்தப் பேரினத்தில் வேறு இனமும் உண்டு என்பதால், எழுதி வைக்கும் முன் ஆணை அறுத்துப் பார்த்துவிட வேண்டும்.

ஆகவே புத்தகத்தைத் தேடும் முன் ஆணைத் தேடுங்கள். கவிழ்த்துப் பார்த்தால் பெண்ணுக்கு வயிற்று நுனியில் நீளமாக ஒரு முட்டையிடும் குழல் ஒட்டியிருக்கும். ஆணுக்கு இரண்டு சின்னத் தகடுகள்தான். ஆணின் வயிற்றை மட்டும் ஊசியால் கழற்றி 10 சதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஓர் இரவு போட்டுவையுங்கள். சதை கரைந்து கூடு கண்ணாடி மாதிரித் தெளியும். தண்ணீரில் அலசி, ஒரு சொட்டுக் கிளிசரினில் போட்டு, நுண்ணோக்கியில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். பூச்சியின் நீளமே சில மில்லிமீட்டர், அதன் உறுப்பு எவ்வளவு இருக்கும்! ஆனால் அதன் கொக்கியும் கிளையும் இனத்துக்கு இனம் வேறு. வேலை முடிந்ததும் வயிற்றைக் கிளிசரின் சொட்டோடு குட்டிக் குப்பியில் போட்டு அதே பூச்சியின் ஊசியிலேயே குத்திவையுங்கள். பிரிந்துபோனால் இரண்டும் குப்பை. பொட்டாஷ் கையைப் பொசுக்கும், பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டாம்.

கல்லல் பாண்டி:

ஐயா, நான் விவசாயி, இதில் பாதி புரியவில்லை. எள் போட்டிருக்கிறேன். செடி நுனியில் பூவே வராமல் பூ இருக்க வேண்டிய இடமெல்லாம் பச்சை இலையாகக் கொத்துக் கொத்தாக நிற்கிறது. அதுவும் தத்துப்பூச்சி வேலை என்று ஒருவர் சொன்னார். இலையைப் புரட்டினால் பச்சை ஒன்றுமே இல்லையே.

சாத்தையா, தேவகோட்டை:

பாண்டி, அது பச்சையாக இருக்காது. பழுப்புத் தத்துப்பூச்சி, ஓரோசியஸ் அல்பிசிங்டஸ். அதுவும் டிஸ்டன்ட் 1918-ல் பெயர் வைத்ததுதான். பூச்சி குடிக்கிற சாற்றால் செடி அப்படி ஆகவில்லை. ஃபைட்டோபிளாஸ்மா என்கிற நுண்கிருமியை அது ஒரு செடியிலிருந்து இன்னொரு செடிக்குக் கடத்துகிறது. இலையான பூ திரும்பப் பூவாகாது. அந்தச் செடிகளைக் கண்டவுடன் பிடுங்கிப் புதைத்துவிடுங்கள். மற்றதற்குச் செட்டிநாடு மானாவாரி ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு செடியைக் கொண்டுபோய்க் காட்டிக் கேளுங்கள், பக்கம்தானே.

உமையாள், கானாடுகாத்தான்:

ஐயா, நான்காம் தொகுதியையும் டீட்ரிக்கையும் நேற்றே இறக்கிவிட்டேன். டிஸ்டன்ட் எல்லாவற்றையும் 'ஜாசிடே' என்கிறார், டீட்ரிக் 'சிகாடெல்லிடே' என்கிறார். இரண்டும் ஒன்றுதானே?

கொம்புப் பூச்சியைப் பக்கவாட்டில் எடுத்தேன். இடைவெளி இல்லை, முக்கோணத் தகடும் தெரியவில்லை. ஆனால் மஞ்சள் கொன்றையில் ஒன்று கிடைத்தது, அதில் வால் வில் மாதிரி எழும்பி நிற்கிறது, நீங்கள் சொன்ன வெளிச்சம் அப்படியே தெரிகிறது. ஒரு பையன் "டீச்சர், இதுக்குள்ள நூல் கோக்கலாம்" என்றான்.

இன்னொரு சந்தேகம். பள்ளித் தோட்டத்துக் கத்தரியில் பழுப்புத் தத்துப்பூச்சி ஒன்று. இறக்கையை மடித்து உட்காரும்போது முதுகு நடுவில் வட்டமாக ஒரு முத்திரை. இறக்கையை விரித்தால் வட்டம் பாதி பாதியாகப் பிரிந்துவிடுகிறது. சில கத்தரிச் செடிகள் இலை சிறுத்துப் புதராக நிற்கின்றன.

சாத்தையா, தேவகோட்டை:

ஒன்றுதான். அவர் காலத்துக் குடும்பப் பெயர் அது.

கொன்றையில் கிடைத்ததை லெப்டோசென்ட்ரஸ் பகுதியில் வைத்துப் பாருங்கள். இனத்தை அனந்தசுப்ரமணியனின் தொகுதியைப் பார்த்து முடிவு செய்யலாம்.

கத்தரியில் உள்ளது ஹிஷிமோனஸ். ஒவ்வொரு இறக்கையின் உள்விளிம்பிலும் அரைவட்டக் கறை இருக்கும், மடித்தால் முழு வட்டம். பேரினத்துக்கு அந்த முத்திரை போதும். கத்தரியின் சிற்றிலை நோயைக் கடத்துவது ஹிஷிமோனஸ் பைசிடிஸ் என்பதால் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பெயரையே எழுதிவிடுகிறார்கள். நம் நாட்டில் முத்திரை குத்திய ஹிஷிமோனஸ் வேறு பலவும் உண்டு. விரக்தமட்டும் மூர்த்தியும் 2014-ல் ஜூடாக்ஸா இதழில் துணைக்கண்டத்தின் ஹிஷிமோனஸ்களை ஒட்டுமொத்தமாகப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். ஆணுறுப்புப் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சிற்றிலை நோய் பக்கத்தில் இருப்பதால் பைசிடிஸ் என்று நினைக்க இடமுண்டு. அது நினைப்புதான், இனங்காணல் இல்லை.

ஆல்கஹாலில் போட்டால் பச்சை நிறம் மஞ்சளாக வெளுக்கும். ஆகவே படம் எடுத்தபின் போடுங்கள். சில ஆண்களை உலர்த்தி முக்கோண அட்டை நுனியில் ஒட்டியும் வையுங்கள். சீட்டில் ஊர், தேதி, எந்தச் செடி என்று மூன்றும் இருக்க வேண்டும். 'கானாடுகாத்தான்' என்று மட்டும் எழுதிச் செடியை விட்டுவிட்டால், நாளைக்குப் பெங்களூருக்கு அனுப்பும்போது அவர்கள் கேட்கும் முதல் கேள்வியே அதுதான்.

புதுவயல் கண்ணன்:

என் படத்தைப் போய்ப் பார்த்தேன். எல்லாமே மேலிருந்து எடுத்தது. ஞாயிற்றுக்கிழமை போய்ப் பக்கவாட்டில் எடுத்துப் போடுகிறேன் ஐயா. அக்கா, உங்களுக்கு ஆண் பூச்சி வேண்டுமென்றால் எங்கள் வயல் ஓர விளக்கடியில் டப்பா டப்பாவாகப் பிடித்துத் தருகிறேன்.

உமையாள், கானாடுகாத்தான்:

கொண்டுவாங்க தம்பி, எந்த வயல், எந்தத் தேதி என்று எழுதி ஒட்டி.

ஐயா, கடைசியாக ஒன்று. பொட்டாசியம் ஹைட்ராக்சைடு பள்ளி ஆய்வகத்தில் இருக்கிறது. கிளிசரின் மருந்துக் கடையில் விற்பது போதுமா?

சாத்தையா, தேவகோட்டை:

போதும். பன்னீர் கலந்தது, வாசனை போட்டது வேண்டாம். வெறும் கிளிசரின் என்று கேட்டு வாங்குங்கள்.